நண்பன் மாத்திரை போடுகிறான், நான் வாயைத் திறக்கலாமா?

கேள்வி: டாக்டர், நான் பிளஸ் டூ படிக்கிறேன், வயது 17, ஊர் திருப்பூர் பக்கம். நாங்கள் நாலு பேர் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகச் சுற்றுகிறவர்கள். ஒருவன் எப்போதாவது கஞ்சா அடிப்பான். இன்னொருவன் சில மாதங்களாக வலி மாத்திரை போடுகிறான். முதலில் சனிக்கிழமை மட்டும்தான், இப்போது நடுவிலும் போடுகிறான், ஊசியாகவும் ஏற்றிப் பார்த்ததாகச் சொன்னான். நான் எதையும் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். ஆனால் அவர்களைத் தப்பாகவும் பார்த்ததில்லை. அவன் உடம்பு, அவன் லைஃப், ஜட்ஜ் பண்ண நான் யார் என்றுதான் இருந்தேன். போன மாதம் ஒரு ராத்திரி அவன் மாத்திரையோடு பீரும் குடித்துவிட்டுப் படுத்தான். ஒரு மாதிரியாகக் குறட்டை விட்டான், உலுக்கியும் கண் திறக்கவில்லை, உதடு கறுத்த மாதிரி இருந்தது. 108-க்குக் கூப்பிடலாம் என்றேன். போலீஸ் வரும், எல்லார் மேலும் கேஸ் ஆகும் என்று மற்ற இரண்டு பேரும் தடுத்துவிட்டார்கள். முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் மோர் ஊற்றிப் பார்த்தோம். விடியற்காலையில் அவனாகவே எழுந்துவிட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவன் வீட்டில் சொன்னால் துரோகமா? அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் அடித்தே கொன்றுவிடுவார். அவன் அக்கா நர்சிங் படிக்கிறார், என்னிடம் நன்றாகப் பேசுவார். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே 'ஜட்ஜ் பண்ணாதே, பூமர் மாதிரி பேசாதே, உங்கப்பா குடிக்கலையா' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

பதில்:

தம்பி, துரோகமா இல்லையா என்பதற்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அது மறுபடியும் நடக்கலாம், அப்போதும் பக்கத்தில் இருப்பது நீயாகத்தான் இருக்கும்.

அவன் அன்று அசந்து தூங்கவில்லை. மூச்சு நின்றுபோகிற இடத்துக்கு மிகப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறான். உங்கள் வயதுப் பையன்கள் வலி மாத்திரை என்று சொல்வது பெரும்பாலும் டேபென்டடால். கடுமையான வலி இருப்பவர்களுக்கு டாக்டர் சீட்டின் பேரில் மட்டும் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. அபினும் மார்ஃபினும் மூளையில் எங்கே போய் வேலை செய்யுமோ அங்கேதான் இதுவும் வேலை செய்கிறது. வலியைக் குறைக்கிற கையோடு, மூச்சு விடச் சொல்லி உத்தரவு போடுகிற மூளைத்தண்டையும் மந்தமாக்கிவிடும். மது அதையே செய்யும், தூக்க மாத்திரையும் அதையே செய்யும். தனியாகப் போட்டால் உடம்பு சமாளித்துவிடுகிற அளவுகூட, இரண்டு சேரும்போது சமாளிக்க முடியாமல் போகும். 'வழக்கமா போடுறதுதான், ரெண்டு பீர்தானே' என்ற கணக்கு அங்கேதான் தப்பாகிறது.

நீ எழுதியிருக்கிறாயே, ஒரு மாதிரிக் குறட்டை என்று, அது நாக்கு பின்னால் சரிந்து தொண்டை பாதி அடைபட்ட சத்தம். உதடு கறுத்தது ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதால். 'நல்லாத்தான் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தான், தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டோம்' என்று சொல்லி அழுகிற குடும்பங்களை இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்போம்.

அதனால் இதை மனப்பாடம் செய்துகொள், மற்ற இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடு. பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டு உலுக்கு. எழவில்லையென்றால் நெஞ்சின் நடு எலும்பில் உன் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய், நன்றாக வலிக்கும், அதற்கும் முழிக்கவில்லை என்றால் யாரிடமும் யோசனை கேட்காமல் 108. மூச்சை எண்ணிப் பார்: சும்மா படுத்திருக்கிறவர் நிமிடத்துக்கு 12-இலிருந்து 20 மூச்சு விடுவார், அது 10-க்குக் கீழே இறங்கினாலோ ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பயமாக இருக்கிற அளவுக்கு இடைவெளி விழுந்தாலோ, அதுவும் 108. ஆம்புலன்ஸ் வருகிற வரை அவனை ஒருக்களித்துப் படுக்க வை, மேலே இருக்கிற முழங்காலை மடக்கி முட்டுக்கொடுத்து, முகம் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி. வாந்தி எடுத்தால் வெளியே வரட்டும், நுரையீரலுக்குள் போகக் கூடாது. வாயில் எதுவும் ஊற்றாதே. மோர், எலுமிச்சம்பழச் சாறு, புளித் தண்ணீர், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம், நினைவில்லாதவன் தொண்டையில் ஊற்றுவது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும். மூச்சே நின்றுவிட்டால், நெஞ்சை எப்படி அழுத்துவது என்று 108-இல் பேசுகிறவரிடம் கேள், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவர் சொல்கிறபடி செய். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போ, என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, கூட என்ன குடித்தான் என்று மறைக்காமல் சொல். ஆஸ்பத்திரியில் நலாக்ஸோன் என்று ஓர் ஊசி இருக்கிறது, போட்ட சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அந்த ஊசியின் வேகம் மாத்திரையின் வேகத்துக்கு முன்னால் தீர்ந்துபோகும், எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

போலீஸ் பயம் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், அது உண்மை, மறைக்க மாட்டேன். தகவல் போவது வேறு, தூக்கிக்கொண்டு வந்தவன் மேல் வழக்குப் போடுவது வேறு. 18 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களின் இந்த மாதிரி விஷயம் பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போகாது, இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் 77-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு, சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கொடுக்கிறவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதாவது அந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நாலு பேரும் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள், மாட்ட வேண்டியவன் உங்களுக்கு விற்றவன். கஞ்சா வைத்திருந்தால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வரும், அதிலும்கூட 64ஏ என்ற பிரிவில், சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. இது எதுவும் தெரியாததால்தான் அன்றைக்கு மூன்று பேர் ஒருவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். இன்னொன்று, 'இதைக் கொஞ்சம் உன் பேக்ல வெச்சுக்கோ' என்று யார் சொன்னாலும் வாங்கி வைக்காதே, கையில் இருக்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, இப்போது ஜட்ஜ் பண்ணும் விஷயம்.

உன்னிடம் இருக்கிற அந்தக் குணத்தை விட்டுவிடு என்று நான் சொல்லப்போவதில்லை. போதையில் மாட்டியவர்களை நம் ஊர் எப்படிப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். தறுதலை, கஞ்சா கேஸ், குடும்பத்துக்கு வந்த கேடு. பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பையன் மறுநாள் காலையில் எங்கே போய் நிற்பான் என்று யாரும் கேட்பதில்லை. வார்டுக்கு வருகிறவர்களிடம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று கேட்டால், காசில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் 'யாருக்காவது தெரிஞ்சிடுமோன்னு பயம்' என்பதுதான் அடிக்கடி வருகிற பதில். அப்படி ஓர் ஊரில் 17 வயதில் ஒருவன், என் நண்பன் இதைச் செய்கிறான், அதனால் அவன் கெட்டவன் ஆகிவிட மாட்டான் என்று நினைப்பது நல்ல விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் உன்னிடம் ஊசி வரைக்கும் சொல்லியிருக்கிறான் என்றால் அதற்கு உன்னுடைய இந்தக் குணம்தான் காரணம். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

ஆனால் உன் நண்பர்கள் அந்த வார்த்தையை வைத்து உன்னிடம் கேட்பது வேறு. நீ அவனைக் கேவலமாக நினைக்கக் கூடாது என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. நீ அவனைப் பற்றிக் கவலைப்படவே கூடாது, வாயே திறக்கக் கூடாது என்கிறார்கள். ஒருவன் ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுத்தால் 'டேய் போட்டுட்டுப் போ' என்று கத்துகிறோம், அதற்காக அவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லையே. மாத்திரை என்று வந்தால் மட்டும் அதே அக்கறை ஜட்ஜ் பண்ணுவதாக மாறிவிடுகிறது. ஏன்? சொல்கிறவனுக்கே உள்ளுக்குள் பயம் இருக்கிறது, அதைப் பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்று. உன் கூட இருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் அன்று ராத்திரி உன்னைப்போலவே குலை நடுங்கியிருக்கும், அவர்கள் அதைக் கிண்டலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975-இலிருந்து ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களிடம் போதைப்பழக்கம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. நீ எடுத்துக்கொள்கிறாயா என்று ஒரு கேள்வி, இது எவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறாய் என்று ஒரு கேள்வி, மற்றவர்கள் இதைச் செய்வது உனக்குச் சம்மதமா இல்லையா என்று இன்னொரு கேள்வி, மூன்றும் தனித்தனி. எண்பதுகளில் கஞ்சா ஆபத்தானது என்று நினைக்கிற மாணவர்கள் அதிகமாக அதிகமாக, புகைக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இதில் உனக்கு வேண்டியது ஒன்றுதான்: 'இது ஆபத்து' என்பதும் 'இது எனக்குச் சம்மதமில்லை' என்பதும் செயலைப் பற்றிய பேச்சு. ஆளைப் பற்றிய தீர்ப்பு அதில் எங்கும் இல்லை. மாத்திரை எனக்குப் பிடிக்கவில்லை, உன்னை எனக்குப் பிடிக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லலாம், இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

'அவன் சாய்ஸ்' என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற விளையாட்டைக் கொடுத்து, தனியாக ஆடும்போதும் நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கும்போதும் எவ்வளவு துணிந்து ஆபத்தில் இறங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோ நண்பர்கள் பார்க்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தில் இறங்கினார்கள். உங்கள் வயதில் எந்த முடிவும் முழுக்கத் தனியாக எடுக்கிற முடிவில்லை, கூட இருக்கிறவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. நீ எதையும் தொடாமல், எதுவும் சொல்லாமல், சிரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாய் அல்லவா, அவனுக்கு அது 'இதில் தப்பில்லை' என்று கேட்டிருக்கும். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, நீ நினைப்பதைவிட உன் வார்த்தைக்கு அவனிடம் மதிப்பு அதிகம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், அவன் இப்போது இருக்கிற நிலையில் அதை எவ்வளவு தூரம் சாய்ஸ் என்று சொல்ல முடியும் என்பது எனக்குச் சந்தேகம். சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது நடுவிலும் வந்துவிட்டது என்கிறாய். போடாத நாளில் அவனைக் கவனித்துப் பார். அடிக்கடி கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், கையில் மயிர் குத்திட்டு நிற்பது, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், சின்னப் பேச்சுக்கெல்லாம் எரிந்து விழுவது, ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுப்பது. வீட்டில் வைரல் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள், அவன் ஒரு மாத்திரை போட்டதும் எல்லாம் சரியாகிவிடும். இப்படி நடக்கிறது என்றால் அவன் ஜாலிக்காகப் போடுகிற கட்டத்தைத் தாண்டி, போடாவிட்டால் உடம்பு படுத்துகிறதே என்று போடுகிற கட்டத்துக்கு வந்துவிட்டான். அது ஒழுக்கம் கெட்டுப்போனதில்லை, உடம்பு பழகிப்போனது, அதற்கு மருத்துவம் இருக்கிறது. அறையில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்கிற வேலையை மட்டும் யாரும் செய்யக் கூடாது. கொஞ்ச நாள் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், அப்புறம் ஒரு நாள் மனம் கேட்காமல் பழைய அளவையே போட்டால் உயிரே போகலாம். வீட்டில் கட்டாயப்படுத்தி நிறுத்த வைத்த பிள்ளைகளுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான்.

ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து ஏற்றுகிறார்கள், மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது, அதைக் கெட்டியாக்கச் சேர்த்த மாவும் பொடியும் இருக்கிறது. அது ரத்தக் குழாயை அடைக்கும், கையில் சீழ் பிடிக்கும், நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் போகும். ஒரே சிரிஞ்சை இரண்டு பேர் பயன்படுத்தியிருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் சோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று இருக்கிறது, எச்.ஐ.வி. சோதனை அங்கே இலவசம், விவரம் வெளியே போகாது. ஹெபடைடிஸுக்கு அதே மருத்துவமனையில் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

'உங்கப்பா குடிக்கலையா' என்கிறார்களே, அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நியாயமான கேள்வி. 2003-இலிருந்து இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசாங்கத்தின் நிறுவனம். சாயங்காலம் ஆனால் அப்பாக்கள் வரிசையில் நிற்கிறார்கள், அதே அப்பாக்கள் ராத்திரி வந்து மகன் பையைச் சோதனை போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? பெரியவர்களின் பேச்சை நீங்கள் நம்பாமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். போதை மீட்பு வார்டுகளில் கட்டிலை நிரப்பி வைத்திருப்பதும் பெரும்பாலும் மதுதான். ஆக, உன் நண்பர்களிடம் 'ஆமாம், எங்கப்பா குடிக்கிறது எனக்கும் பிடிக்கலை' என்று சொல்லிவிட்டு மேலே பேசு. அப்பா குடிப்பதால் மாத்திரையின் ஆபத்து ஒரு துளியும் குறைந்துவிடாது, அவர் குடிக்கிற அதே சரக்குதான் அந்த ராத்திரி மாத்திரையோடு சேர்ந்து இவனை அந்த நிலைக்குக் கொண்டுபோனது.

'எல்லாருந்தான் பண்றாங்க' என்றும் சொல்லியிருப்பார்கள், நீ எழுதவில்லை, ஆனால் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில், 10-இலிருந்து 17 வயதுக்குள் இருக்கிறவர்களில் கஞ்சா வகைகளை எடுக்கிறவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லாரும் உண்மையைச் சொல்லிவிட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு அதைச் சில மடங்கு பெருக்கினாலும், உன்னைப் போலத் தொடாதவர்கள்தான் பெரும்பான்மை. தொடாதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஸ்டேட்டஸ் வைப்பதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் கணக்கெடுப்பில் எனக்கு வருத்தமாக இருந்த எண் வேறு. பஞ்சர் ஒட்டுகிற பசை, பெயின்ட் தின்னர் மாதிரி முகர்ந்து போதை ஏற்றுகிற பொருள்களில் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகம், பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17 சதவீதம். காசு இல்லாத பிள்ளைகளின் போதை அது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் அவனோடு தனியாகப் பேசு. மற்ற இரண்டு பேர் இருக்கும்போது வேண்டாம், அவன் போட்டிருக்கும்போதும் வேண்டாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோ வண்டியில் போகும்போதோ பேசலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்காத இடம் நல்லது. அறிவுரையில் ஆரம்பிக்காதே. உனக்கு நடந்ததைச் சொல்: 'அன்னைக்கு நைட் நீ எழுந்திருக்க மாட்டேன்னு நெனச்சேன்டா. விடியற வரைக்கும் உன் மூச்சையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். இன்னும் எனக்குத் தூக்கம் வரலை.' இதில் ஒரு வார்த்தைகூட அவனைப் பற்றிய தீர்ப்பு இல்லை, பதில் சொல்லிச் சமாளிக்கவும் முடியாது. அப்புறம் கேள். போட்டால் என்ன கிடைக்கிறது என்று கேள், நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேள். போடாத அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேள். நிறுத்தலாமா என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேள். அவன் பேசும்போது குறுக்கே போகாதே, பத்து நிமிடம் சும்மா இருந்தாலும் சும்மா இரு.

அவன் அப்பா அடித்தே கொன்றுவிடுவார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. அடி விழுகிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு, எல்லாச் சத்தமும் அடங்கின மாதிரி இரண்டு மணி நேரம் கொடுக்கிற ஒரு மாத்திரை என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார். அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை. அவன் பேச ஆரம்பித்தால் போதையைப் பற்றிப் பேசாமல் வீட்டைப் பற்றிப் பேசுவான், அதற்குத் தயாராகப் போ.

பேசிவிட்டு, அவன் அக்காவிடம் சொல்லியாக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. அவன் சிகரெட் பிடிக்கிறான், யாரையோ காதலிக்கிறான், பரீட்சையில் மார்க் குறைந்ததை மறைக்கிறான் என்றால் அதையெல்லாம் நீ காலத்துக்கும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மூச்சு நின்று போகக்கூடிய விஷயத்தை 17 வயதுப் பையன் ஒருவன் தனியாகச் சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் சொல்லாதே. அவனிடமே சொல்லிவிடு: 'அக்காகிட்ட சொல்லப் போறேன். நீயே சொன்னா நல்லது. நான் கூட வர்றேன். நீ சொல்லலைன்னா வெள்ளிக்கிழமை நான் சொல்லிடுவேன்.' கோபப்படுவான், அப்பாவிடம் போகாது என்று சத்தியம் கேட்பான். எந்தச் சத்தியமும் கொடுக்காதே, அக்காவிடம் பேசி, யாருக்கு எப்போது எப்படிச் சொல்வது என்று சேர்ந்து முடிவு செய்யலாம் என்று மட்டும் சொல். அக்கா நர்சிங் படிக்கிறார் என்பது பெரிய வசதி, மருந்தின் பேரைச் சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும். அந்த ராத்திரியை எனக்கு எழுதின மாதிரியே அவரிடமும் சொல், குறட்டை, உதடு, மோர் எல்லாவற்றையும்.

அதற்குப் பிறகு அவர் அவனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகட்டும். கலங்கரை என்ற பெயரில் அரசு நடத்துகிற போதை மீட்பு மையங்களும் இருக்கின்றன, பக்கத்தில் எது இருக்கிறது என்று அரசின் மருத்துவ உதவி எண் 104-இல் கேட்டுப் பார்க்கலாம். 18 வயது ஆகாததால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டியிருக்கும். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி எவ்வளவு, எத்தனை நாளாக என்பதாகத்தான் இருக்கும், ஏன் இப்படிச் செய்தாய் என்பதாக இருக்காது. நேரில் போகத் தயக்கம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போதைக்கென்றே தனியாக 14446 இருக்கிறது. வீட்டில் அடி உதை பெரிதாகப் போகும் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098. உன் தூக்கத்துக்காக நீயும் 14416-ஐக் கூப்பிடலாம். ஒரு மாதமாகத் தூங்காமல் பிளஸ் டூ படிக்கிறாய், உன் வீட்டிலும் ஒருவரிடமாவது நடந்ததைச் சொல்லு.

கஞ்சா அடிக்கிற நண்பனைப் பற்றி நீ கேட்கவில்லை. அவனும் இந்த வயதில் தொடர்ந்து அடித்தால் மனநோய் வருகிற ஆபத்து கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் இன்னும் கூடுகிறது. இயற்கை மூலிகை என்று சொல்வான், ஊமத்தையும் இயற்கைதான். ஆனால் இந்த வாரம் அவசரம் அவன் இல்லை.

சொன்ன பிறகு அவன் உன்னோடு பேசாமல் போகலாம். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு உன்னை ஒதுக்கலாம், குரூப்பிலிருந்து தூக்கலாம். நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நாள் ரொம்ப வலிக்கும். சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளில் சிலர், தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று திட்டிய அதே நண்பனைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்ச நாள் கழித்துக் கேட்பார்கள். கேட்காதவர்களும் உண்டு. அவன் எந்தப் பக்கம் போவான் என்பது உன் கையில் இல்லை.

பேச்சைத் தள்ளிப் போடாதே. அவன் வழக்கமாகப் போடுவது சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய், அதற்கு முன்னால் அவனிடமும் அக்காவிடமும் பேசி முடித்துவிடு. நடுவில் ஏதாவது ஆனால் 108.